ஒற்றை ஊசியில் கம்பளிப் பின்னல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது நோர்வேயில். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் நேரம் முழுக்க, பெற்றோர் வெளி மண்டபத்தில் காத்திருப்போம். அந்த நேரத்தில் என் கையில் ஒரு மர ஊசியும் கம்பளி நூலும் இருக்கும். பக்கத்தில் வந்து இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஆறு வருடமாகச் சொல்லிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இந்த வேலையை எனக்குக் காட்டித் தந்தவர் எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டில் இருந்த ஒரு நோர்வே மூதாட்டி. அவர் சொன்னவையும் இடையிடையே வரும்.

"அக்கா, இது என்ன வேலை? தையலோ, பின்னலோ?"

இரண்டுக்கும் நடுவில் உள்ளது. தையல் ஊசி போல் காது உள்ள ஊசிதான், ஆனால் தைப்பதற்குத் துணி இல்லை. நூலை வளையமாக விட்டு, அதை முந்திய வளையங்களுக்குள்ளால் கோத்துக் கோத்து, துணியையே உண்டாக்குகிறோம். நோர்வேக்காரர் இதை நோலெபின்டிங் என்பார்கள். நோல் என்றால் ஊசி, பின்டிங் என்றால் கட்டுவது, பிணைப்பது. நான் தமிழில் ஒற்றை ஊசிப் பின்னல் என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

மல்லிகைச் சரம் கட்டத் தெரிந்தவர்களுக்கு இது கெதியாகப் பிடிபடும். விரலில் நூலை வளைத்து, அந்த வளையத்துக்குள் காம்பை வைத்து இறுக்குகிறோம் அல்லவா? இங்கே அந்த வளையம் கட்டைவிரலில் இருக்கும். இறுக்காமல், விரல் அளவிலேயே விட்டுவிட வேண்டும்.

"நிற்றிங், குரோஷே எல்லாம் எனக்குத் தெரியும். இது எப்பிடி வேற?"

இரண்டு ஊசியால் பின்னும் நிற்றிங்கிலும் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேயிலும் நூல் உருண்டையிலிருந்து முடிவில்லாமல் வருகிறது. ஒரு வளையத்துக்குள்ளால் இன்னொரு வளையத்தை மட்டும் இழுத்து விடுகிறோம். அதனால்தான் நுனியைப் பிடித்து இழுத்தால் முழுச் சட்டையும் உருண்டு கையில் வந்துவிடும். ஒற்றை ஊசிப் பின்னலில் ஒவ்வொரு தையலிலும் நூல் முழுவதும், கடைசி நுனி வரைக்கும், வளையத்தைக் கடந்து போகிறது. ஆகவே உருண்டையிலிருந்து நேரே வேலை செய்ய முடியாது. ஒரு பாகம் நூல், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம், வெட்டி எடுத்து ஊசியில் கோக்க வேண்டும். அது முடிந்ததும் அடுத்த பாகம்.

இதனால் வேலை மெதுவாகத்தான் போகும். ஆனால் செய்து முடித்த துணியைக் கத்தரிக்கோலால் நடுவில் வெட்டினாலும் ஓடாது. ஒவ்வொரு வளையமும் பக்கத்து வளையங்களோடு தனித்தனியாகப் பிணைந்து நிற்கிறது. இந்த ஒரு குணத்துக்காகவே நான் நிற்றிங்கை விட்டு இதற்கு வந்தேன்.

"வைக்கிங் ஆக்கள் கண்டுபிடிச்சது எண்டு சொல்லுகினம். மெய்யோ?"

வைக்கிங் காலத்தவர், அதாவது இந்த வடநாடுகளின் பழைய கடலோடிகள், செய்தார்கள், உண்மை. கண்டுபிடித்தவர்கள் அவர்கள் அல்ல. டென்மார்க்கின் டிப்ரின்ட் விக் என்ற இடத்தில் கடலுக்கு அடியில் கிடைத்த, தாவர நாரில் இந்த வகையாகச் செய்த துண்டு கி.மு. 4200 அளவிலானது. வைக்கிங் காலம் கி.பி. 800இலிருந்து 1050 வரை. நடுவில் ஐயாயிரம் வருடம் இருக்கிறது. எகிப்தில் ரோமர் ஆட்சிக் காலத்துக் கம்பளிக் காலுறைகள் கிடைத்திருக்கின்றன. தென்னமெரிக்காவில் பெருவின் பராகாஸ், நாஸ்கா மக்கள் இதே குடும்பத்து ஊசி வேலையால் துணிக் கரைகளில் சின்னச் சின்ன உருவங்கள் செய்தார்கள். பப்புவா நியூகினியில் பிலும் என்ற தோள்பையை இன்றைக்கும் இப்படி வளையம் கோத்துத்தான் செய்கிறார்கள். உலகத்தில் பல மூலைகளில் தனித்தனியாகப் பிறந்த வேலை என்றே நான் நினைக்கிறேன்.

வைக்கிங் காலத்துச் சாமான்களில் பேர் பெற்றது இங்கிலாந்தின் யோர்க் நகரில், கொப்பர்கேட் தெருவில் தோண்டியபோது கிடைத்த ஒரு கம்பளிக் காலுறை. கி.பி. 10ஆம் நூற்றாண்டுக்குரியது. கணுக்காலுக்குக் கீழே நிற்கும், செருப்புப் போன்ற வடிவம். யோர்க் போகிறவர்கள் யோர்விக் வைக்கிங் நிலையத்தில் கட்டாயம் பாருங்கள். ஆயிரம் வருடம் மண்ணுக்குள் கிடந்தும் தையல் தையலாக எண்ணக்கூடியதாக இருக்கிறது.

"அவ்வளவு நல்லதெண்டால் பிறகு ஏன் கைவிட்டவை?"

அந்தக் காலத்தில் நிற்றிங் இல்லை, பிறகுதான் வந்தது. அதில் வேகம் அதிகம், நூலும் குறைவாகப் பிடிக்கும். ஆனாலும் முழுதாக விட்டுவிடவில்லை. பின்லாந்திலும் சுவீடன், நோர்வே நாட்டுப்புறங்களிலும் காட்டு வேலை, மீன்பிடி, குதிரை வண்டி என்று கை விறைக்கும் வேலைகளுக்கான கையுறைகளை 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் இப்படியே செய்தார்கள். மாட்டு வால் மயிரில் பால் வடிகட்டி கூடச் செய்திருக்கிறார்கள். அந்த வடிகட்டிகளை நாட்டுப்புற நூதனசாலைகளில் காணலாம்.

"எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. இது வருமோ?"

வரும். நிற்றிங் தெரியாதவர்களுக்குத்தான் இது கொஞ்சம் கெதியாக வருகிறது என்பது என் அனுபவம். நிற்றிங் பழகிய கை நூலை இழுத்து இறுக்கப் பார்க்கும், அந்தப் பழக்கத்தை முதலில் மறக்க வேண்டும். முதல் இரண்டு நாளும் ஒன்றுமே விளங்காது. கட்டைவிரலைச் சுற்றி நூல் சிக்கலாகக் கிடக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வேறு ஏதோ கதைத்துக்கொண்டிருக்கும்போது கை தானாகச் செய்துவிடும். கண் பார்த்து விளங்குவதற்கு முன்பே விரல் விளங்கிக்கொள்ளும் வேலை இது. அதனால் முதல் நாள் சிக்கலைப் பார்த்து விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

"ஊசி எங்க வாங்கிறது?"

ஏழிலிருந்து பத்துச் சென்ரிமீற்றர் நீளம், தட்டையான உடம்பு, மொட்டை நுனி, தடித்த நூல் போகக்கூடிய காது. இவ்வளவுதான் தேவை. பழைய ஊசிகள் எலும்பிலும் மான் கொம்பிலும் மரத்திலும் செய்தவை. இங்கே கைவினைச் சந்தைகளில் மர ஊசி விற்பார்கள். கிடைக்காவிட்டால் மூங்கில் சிலாகையைச் சீவி, காது துளைத்து, மணல் கடதாசியால் நன்றாகத் தேய்த்து எடுங்கள். பழைய பல் தூரிகையின் பிடியை வெட்டித் தேய்த்தும் செய்யலாம். பிசிறு இருந்தால் ஒவ்வொரு தையலிலும் கம்பளியைக் கிழிக்கும், ஆகவே தேய்ப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

"என்ன நூல் வாங்கோணும்? கடையில நூறு வகை இருக்கு."

நூறு வீதம் ஆட்டுக் கம்பளி, அதுவும் ‘சூப்பர்வாஷ்’ என்று லேபலில் போடாத கம்பளி. இதில் விட்டுக்கொடுக்க முடியாது. கம்பளி இழையை உருப்பெருக்கியில் பார்த்தால் மீன் செதில் போலச் செதில்கள் இருக்கும். ஈரமும் சூடும் உரசலும் பட்டால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சூப்பர்வாஷ் நூலில் இயந்திரத்தில் தோய்க்க வசதியாகச் செதில்களை மழுக்கி அல்லது மேலே பூச்சுப் பூசி விடுகிறார்கள். அப்படிப்பட்ட நூலை ஒட்ட முடியாது. அடுத்த கேள்வியில் ஏன் ஒட்ட வேண்டும் என்று வரும்.

நோர்வேயில் இருப்பவர்கள் ராவுமா நிறுவனத்தின் வாம்சே நூலில் தொடங்கலாம். 50 கிராம் 83 மீற்றர் வரும், தடிப்பும் பழகுவதற்கு அளவு. ஐஸ்லாந்தின் லெத்லோப்பி இன்னும் கொஞ்சம் மெல்லியது. முதல் வேலைக்கு வெளிர் நிறம் எடுங்கள். கறுப்பு நூலில் எந்த வளையம் எது என்று தெரியாது, குளிர்கால வெளிச்சத்தில் சொல்லவே வேண்டாம்.

"ஒவ்வொரு பாகமும் முடிய முடிச்சுப் போடுறதோ? அப்பிடியெண்டால் உள்ளுக்கு முழுக்க முடிச்சாத்தானே இருக்கும்?"

முடிச்சே போடுவதில்லை. பழைய நுனியையும் புது நுனியையும் ஒரு விரல் நீளத்துக்கு முறுக்கு அவிழ்த்துப் பஞ்சாக்குங்கள். நுனி கத்தரித்தது போல் நேராக இருக்கக் கூடாது, கையால் பிய்த்து மெலிதாக்குங்கள். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக உள்ளங்கையில் வைத்து, ஈரமாக்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வேகமாகத் தேயுங்கள். கை சுடும் வரைக்கும், பத்துப் பதினைந்து தடவை. செதில்கள் பிடித்துக்கொண்டு இரண்டு நூலும் ஒரே நூலாகிவிடும். சரியாகச் செய்தால் ஒட்டிய இடம் எது என்று உங்களுக்கே தெரியாது.

இங்கத்தையவர்கள் ஈரத்துக்கு எச்சிலைத்தான் தொடுவார்கள். நுனியை வாயில் வைத்து எடுத்து அப்படியே தேய்ப்பார்கள். எச்சில் என்றதும் நம்மவர்கள் எல்லோருக்கும் ஒரு கூச்சம் வரும், எனக்கும் வந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் அதே வேலையைச் செய்யும். நான் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பேன். வாங்கும் முன்னே நூலைச் சோதிக்கவும் இதுதான் வழி: துண்டு நூலின் இரண்டு நுனியை இப்படித் தேய்த்து, காயவிட்டு இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த நூல் இந்த வேலைக்கு ஆகாது.

"சரி, முதல் தையலை எப்பிடிப் போடுறது? மெதுவாச் சொல்லுங்கோ."

நான் எல்லோருக்கும் முதலில் காட்டுவது ஒஸ்லோத் தையல். நூலின் நுனிக்குக் கிட்ட இறுகாத ஒரு வளையம் போட்டு, அதை இடது கையின் ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை நூலை, அதாவது ஊசியில் உள்ள நூலை, கட்டைவிரலைச் சுற்றி ஒரு தடவை வளையுங்கள். இப்போது கட்டைவிரலில் ஒரு வளையம், அதற்குப் பின்னால் விரல்களுக்கு நடுவில் ஒரு வளையம்.

ஊசியைப் பின் வளையத்துக்குள் விடுங்கள். பிறகு ஊசியின் நுனியை உங்கள் பக்கம் திருப்பி, கட்டைவிரல் வளையத்துக்குக் கீழாலும், அப்படியே வேலை நூலுக்குக் கீழாலும் கொண்டு வந்து வெளியே எடுங்கள். நூலை முழுவதும் இழுங்கள். இழுத்து முடிகிற நேரம் பழைய கட்டைவிரல் வளையத்தை விரலிலிருந்து மெதுவாகப் பின்னால் தள்ளிவிடுங்கள், புது வளையம் விரலில் வந்து உட்காரும். உட்கார்ந்ததும் இழுப்பதை நிறுத்திவிட வேண்டும். தள்ளிவிட்ட வளையம் அடுத்த தையலுக்குப் பின் வளையம். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் சங்கிலி போல ஒரு பட்டி நீளும்.

வரிசை வந்தபின் ஒரேயொரு மாற்றம்: ஒவ்வொரு தையலின் தொடக்கத்திலும் முந்திய வரிசையின் மேல் விளிம்பில் உள்ள ஒரு வளையத்துக்குள் ஊசியை விட்டுவிட்டு, பிறகு மேலே சொன்னதைச் செய்ய வேண்டும். அப்படித்தான் வரிசைகள் ஒன்றோடொன்று சேரும். திரும்பிப் போகும் வரிசை கிடையாது, நத்தை ஓடு போலச் சுற்றிச் சுற்றியே ஏறும்.

"மாமென், யோர்க், பின்லாந்துத் தையல் எண்டு வேற பேரும் கேள்விப்பட்டன். எது நல்லது?"

பெரும்பாலும் கிடைத்த இடத்தை வைத்து வந்த பெயர்கள் இவை. ஒஸ்லோவில் பின்னால் ஒரு வளையம் எடுக்கிறோம். மாமென் தையலில் இரண்டு. அது டென்மார்க்கின் மாமென் என்ற ஊரில் கிடைத்ததால் வந்த பெயர். பின்லாந்துத் தையல்களில் இன்னும் அதிகம் எடுப்பார்கள். எடுக்கும் வளையம் கூடக் கூடத் துணி தடிக்கும், சூடு கூடும், நீட்டம் குறையும். கையுறைக்கு மாமென் நல்லது. தொப்பிக்கு ஒஸ்லோ போதும். இரண்டையும் பழகிவிட்டால் மற்றவை எல்லாம் அவற்றின் நீட்சிதான்.

சில குறிப்புகளில் ‘யூஓ/யூஓஓ எஃப்1’ என்று மந்திரம் போல எழுதியிருக்கும். அது டென்மார்க்கின் ஏகொன் ஹான்சன் வகுத்த குறியீடு. யூ என்றால் நூலுக்குக் கீழால், ஓ என்றால் மேலால், சாய்கோடு ஊசி திரும்பும் இடம். கடைசியில் வரும் எஃப்1, கீழ் வரிசையில் முன்பக்கமாக ஒரு வளையம் எடு என்பது. மேலே நான் எழுதியது இந்த ஒஸ்லோத் தையலேதான்.

"என்ர தையல் ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன். எப்பிடிச் சமப்படுத்திறது?"

கட்டைவிரல்தான் அளவுகோல். ஒவ்வொரு தடவையும் விரலின் ஒரே இடத்தில், நகத்தின் அடியிலோ மூட்டிலோ, வளையத்தை உட்கார வையுங்கள். நுனி நோக்கிப் போகப் போக விரல் மெலிகிறது, தையலும் சின்னதாகும். கணவன் பாதி, மனைவி பாதி என்று ஒரே கையுறையைச் செய்யக் கூடாது என்று எங்கள் மூதாட்டி சொல்வார். விரல் மாறினால் அளவு மாறிவிடும். விரலில் நிற்காமல் ஊசியின் அகலத்தை அளவாக வைத்து வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது தையல் இறுக்கமாக வரும்.

முதல் பத்து வரிசையில் சமமில்லாமல் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரு தடவை தோய்த்துக் காய்ந்ததும் பாதி சரியாகிவிடும்.

"முதல்ல என்ன செய்யலாம்? எனக்கு ஸ்வெட்டர் செய்ய ஆசை."

ஸ்வெட்டர் வேண்டாம். இந்த வேலை பிறந்ததே கை, கால், தலைக்காக. மணிக்கட்டுச் சூட்டியில் தொடங்குங்கள். சட்டைக் கைக்கும் கையுறைக்கும் இடையில் குளிர் புகும் இடத்தை மூடும் சின்னக் குழாய் அது. மணிக்கட்டைச் சுற்றி வரும் நீளத்துக்கு முதல் பட்டி. கை உள்ளே போக வேண்டும் என்பதால் கொஞ்சம் தாராளமாக. அந்தப் பட்டி பழைய தொலைபேசி வயர் போல முறுக்கிக்கொண்டு நிற்கும். மேசையில் வைத்து நேராக்கி, முறுக்கு இல்லை என்று பார்த்து, வட்டமாகச் சேருங்கள். பிறகு எட்டுப் பத்து வரிசை. கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. இரண்டையும் முடிக்கும்போது கை பழகியிருக்கும். அடுத்தது தொப்பி, அதற்கடுத்தது கையுறை.

"தொப்பி செய்தன், கிண்ணம் மாதிரிக் குவிஞ்சிட்டுது. என்ர அக்கா செய்தது பாவாடை மாதிரிச் சுருங்குது."

இரண்டும் கூட்டும் அளவில் வரும் பிழை. தொப்பியின் உச்சியில் ஒரு சின்ன வளையத்துக்குள் எட்டுத் தையல் போட்டுத் தொடங்குவோம். வட்டம் தட்டையாக விரிய வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் சில இடங்களில் ஒரே வளையத்துக்குள் இரண்டு தையல் போட வேண்டும். கிண்ணமாகக் குவிந்தால் கூட்டியது போதவில்லை. விளிம்பு அலை அலையாக நின்றால் கூடிவிட்டது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் மேசையில் தட்டையாக வைத்துப் பாருங்கள். எண்ணிக்கையைக் காட்டிலும் மேசையை நம்புவது நல்லது, உங்கள் நூலுக்கும் விரலுக்கும் என் கணக்குப் பொருந்தாது.

தலை 56 சென்ரிமீற்றர் என்றால், அதை 3.14ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 18 வரும். வட்டம் 16 அளவுக்கு விரிந்ததும் கூட்டுவதை நிறுத்தி, நேரே கீழே இறங்குங்கள். துணி கொஞ்சம் நீளும், மிச்ச இரண்டை அது பார்த்துக்கொள்ளும்.

"கையுறையில கட்டைவிரலுக்கு ஓட்டை எப்பிடி விடுறது?"

நான்கு விரலுக்கும் ஒரே பையாக, விரல் நுனியில் தொடங்கி மணிக்கட்டை நோக்கி வாருங்கள். கட்டைவிரல் பிரியும் இடம் வந்ததும், கீழ் வரிசையோடு சேர்க்காமல் ஏழெட்டுத் தையல் பட்டியாக மட்டும் போட்டு, அந்த அளவு இடத்தைத் தாண்டிப் போய் மறுபடி சேருங்கள். பொத்தான் துளை போல ஒரு கீறல் நிற்கும். மணிக்கட்டு வரைக்கும் முடித்தபின் அந்தக் கீறலின் விளிம்பைச் சுற்றித் தையல் போட்டுக் கட்டைவிரலை ஏற்றலாம். சராசரிக் கைக்கு ஒரு சோடிக்கு எனக்கு 120 முதல் 150 கிராம் நூல் போகிறது. முதல் சோடி மூன்று கிழமை எடுத்தது.

"பிழை விட்டால் அவிழ்க்கலாமோ?"

நிற்றிங் போல இழுத்து அவிழ்க்க முடியாது. ஊசி வந்த வழியே ஒவ்வொரு தையலாகத் திரும்ப எடுக்க வேண்டும். மூன்று நான்கு தையலுக்குள் கண்டுபிடித்தால் அப்படி எடுங்கள். கம்பளி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் சாதி என்பதால் அதற்கு மேலே போனால் நூல் பிய்ந்துவிடும்.

இரண்டு வரிசைக்கு முன்னால் விட்ட பிழையை அப்படியே விடுங்கள். தையல் ஒன்று தவறியிருந்தால் அந்த இடத்தில் சின்னத் துளை தெரியும், அவ்வளவுதான். அது ஓடிப் பெரிதாகாது. பிறகு அதே நூலால் உள்ளே ஒரு தையல் போட்டு மூடலாம். மிகப் பெரிய பிழை என்றால் கத்தரித்துவிட்டு வெட்டிய விளிம்பிலிருந்து தொடரலாம். நூலை வெட்டவே பயப்படும் நிற்றிங்காரருக்கு இதை நம்ப முடியாது. என்னிடம் பழகிய ஒரு அன்ரி நான் சொல்லியும் நம்பாமல், துண்டு ஒன்றை வெட்டி, உதறி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிசையைத் தொடங்கினார்.

"கடைக் கையுறையை விடச் சூடோ? காத்து உள்ளுக்குப் போகாதோ?"

சூடு நிச்சயம். ஒரு தையலில் நூல் பல தடவை குறுக்கும் மறுக்கும் போவதால் துணி இரட்டைத் தடிப்பு. சுருண்ட கம்பளி இழைகளுக்கு நடுவே காற்று சிறைப்படுகிறது, சூட்டைக் காப்பது அந்தக் காற்று. அதோடு கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட முப்பது வீதம் ஈரத்தை இழுத்தும் கைக்கு நனைந்தது போலத் தெரியாது. பனி அள்ளி விளையாடும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்லது நான் காணவில்லை.

காற்று மட்டும் கொஞ்சம் புகும். அதற்கு ஒரு வழி, வேலை முடிந்ததும் வெந்நீரிலும் சவர்க்காரத்திலும் போட்டுக் கசக்கிச் சுருங்க வைப்பது. செதில்கள் பிடித்து முழுத் துணியும் கம்பளம் போல இறுகிவிடும். பழைய நோர்வே மீனவர் கையுறைகளை வேண்டுமென்றே பெரிதாகச் செய்து இப்படித்தான் இறுக்கினார்கள். கடல் தண்ணீரில் நனைய நனைய அவை இன்னும் இறுகும். எவ்வளவு சுருங்கும் என்பது நூலுக்கு நூல் மாறும். பத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் துண்டு ஒன்றை முதலில் செய்து, கசக்கி, அளந்துவிட்டுக் கையுறையின் அளவைத் தீர்மானியுங்கள்.

"சொக்ஸ் செய்தால் சப்பாத்துக்குள்ள போகுமோ?"

சாதாரணச் சப்பாத்துக்குள் போகாது, தடிப்பு அதிகம். ஒரு அளவு பெரிய பனிச் சப்பாத்துக்குள் போகும், வீட்டுக்குள்ளே போட மிக நல்லது. அடிப்பாதத்தை மட்டும் மேலே சொன்னது போல இறுக்கினால் நெடுநாள் தேயாது.

எகிப்துக்காரர் இதற்கு வேறு வழி கண்டிருந்தார்கள். அவர்கள் போட்டது செருப்பு. ஆகவே பெருவிரலுக்குத் தனிப் பிரிவு விட்டுக் காலுறை செய்தார்கள். ஒக்சிரிங்கஸ் என்ற பழைய நகரத்தின் புதைநிலத்தில் கிடைத்த சிவப்புச் சோடி ஒன்று லண்டனில் விக்டோரியா அன்ட் அல்பேர்ட் நூதனசாலையில் இருக்கிறது. கி.பி. 250க்கும் 420க்கும் இடைப்பட்டது. பிரித்தானிய நூதனசாலையில் ஒரு குழந்தையின் இடது காலுறை, பட்டை பட்டையாகப் பல நிறம். 2018இல் ஆராய்ந்தபோது, மஞ்சிட்டி வகைச் சிவப்பு, ஒரு நீலம், ஒரு மஞ்சள் என்று மூன்றே செடிச் சாயங்களைக் கலந்தும் மேலே மேலே தோய்த்தும் அத்தனை நிறமும் எடுத்திருப்பது தெரிந்தது. அதன் படத்தை நான் சமையலறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். எந்தத் தாய் எந்தப் பிள்ளைக்குச் செய்தாரோ.

"பிள்ளைக்குக் கடிக்குது எண்டு கழட்டி எறியிறான்."

பெரும்பாலும் இழை தடித்த கம்பளிதான் கடிக்கும். தலைக்கும் கழுத்துக்கும் மெரினோ போன்ற மெல்லிய இழை எடுங்கள், ஆனால் சூப்பர்வாஷ் அல்லாததா என்று பாருங்கள். தொப்பியின் உட்பக்கத்தில் நெற்றிக்கு மட்டும் பருத்தித் துணிப் பட்டி தைத்துவிடலாம். கையில் அவ்வளவு கடிக்காது.

"தோய்க்கிறது எப்பிடி? பூச்சி அரிக்காதோ?"

அடிக்கடி தோய்க்கத் தேவையில்லை. வெளியே காற்றில் தொங்கவிட்டாலே மணம் போய்விடும். தோய்ப்பதானால் வெதுவெதுப்பான தண்ணீர், கம்பளிக்கான சவர்க்காரம், கசக்காமல் பிழியாமல் துவாயில் சுருட்டி அமர்த்தி, தட்டையாகப் பரப்பிக் காயவிடுங்கள். சூட்டில் கசக்கினால் என்ன நடக்கும் என்று மூன்று கேள்விக்கு முன்னால் பார்த்தோம். பூச்சிக்கு: சுத்தமாக்கி, பையில் கட்டி, உறைகுளிர்ப் பெட்டியில் ஒரு கிழமை.

"நான் இடக்கைக்காரி."

எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றுங்கள். வளையம் வலது கட்டைவிரலில், ஊசி இடது கையில். வேலை எதிர்ப்பக்கமாக வளரும், துணியில் குறை எதுவும் வராது.

"நாங்க கொடைக்கானல் பக்கம் இருக்கோம். இங்க கடையில ‘உல்லன்’னு விக்கிறது சரிப்படுமா?"

தமிழ்நாட்டுக் கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பங்கு அக்ரிலிக். சின்னத் துண்டைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் மயிர் கருகும் மணம் வரும், நசுக்கினால் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான உருண்டையாகும். அக்ரிலிக்கை நீரில் தேய்த்து ஒட்ட முடியாது.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிலையம் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறது. ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவிலும் செம்மறி நிலையம் உண்டு. மெல்லிய இழைக் கம்பளி உங்கள் மலையிலேயே விளைகிறது. கிடைத்தால் நூற்கப் பழகுங்கள். நமக்கு வேண்டியது ஒரு பாகம் ஒரு பாகமாகத்தான், நீளமாக நூற்கத் தெரியாதவர்களும் சமாளிக்கலாம்.

"நூதனசாலையில ஒரு பழைய துண்டுக்கு நிற்றிங் எண்டு எழுதியிருக்கு. நீங்கள் அந்தக் காலத்தில நிற்றிங் இல்லை எண்டியள். எது சரி?"

கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாறலாம். இந்த வேலையில் கொப்டிக் தையல் என்று ஒன்று உண்டு. அதன் முகம் முறுக்கிய நிற்றிங் போலவே இருக்கும். சிரியாவின் டூரா யூரோப்போஸ் நகரில் கிடைத்த 3ஆம் நூற்றாண்டுத் துண்டுகளை முதலில் நிற்றிங் என்றுதான் எழுதினார்கள், பிறகே ஊசி வேலை என்று தெரிந்தது. பிரித்தறிய, ஓரத்தையும் பிழைகளையும் கூட்டிய இடங்களையும் பாருங்கள். நூல் எந்தப் பக்கமாகப் போய்த் திரும்புகிறது என்று அங்கேதான் வெளிப்படும். நூல் ஒட்டிய இடங்கள் அடிக்கடி வந்தாலும் ஊசி வேலை என்று சந்தேகிக்கலாம்.

காலமும் ஏமாற்றும். சுவீடனில் ஓஸ்லெ என்ற இடத்துச் சதுப்பில் 1918இல் கிடைத்த கையுறையை 3ஆம் 4ஆம் நூற்றாண்டு என்று பல காலம் நம்பினார்கள். கார்பன் முறையில் சோதித்தபோது 16, 17ஆம் நூற்றாண்டு என்று வந்தது. தையலை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது, ஒரே தையல் ஆயிரம் வருடம் மாறாமல் கைமாறியிருக்கிறது.

"பழைய கையுறை ஓட்டையாப் போச்சு. எறியத்தான் வேணுமோ?"

எறியவே வேண்டாம். எங்கள் மூதாட்டியிடம் அவர் தகப்பனின் மீன்பிடிக் கையுறை ஒன்று இருந்தது. உடம்பு சாம்பல் நிறம், உள்ளங்கை மண்ணிறம், கட்டைவிரல் நுனி கறுப்பு. ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு பழுது பார்ப்பு. உள்ளங்கையைத் தடவிப் பார்த்தேன், எங்கே பழையது முடிந்து புதியது தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

ஓட்டையைச் சுற்றித் தேய்ந்து மெலிந்த நூலைக் கத்தரித்துவிடுங்கள், உறுதியான வளையங்கள் மட்டும் நிற்கட்டும். ஓடாது என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன், பயப்பட வேண்டாம். புது நூலை ஓட்டைக்கு ஒரு விரல் அகலம் வெளியே உள்ள தையல்களுக்குள் ஓடவிட்டு, அங்கிருந்து விளிம்பைச் சுற்றித் தையல் போடுங்கள். அடுத்த சுற்றில் இரண்டு வளையத்தை ஒன்றாக எடுத்துக் குறையுங்கள். நடு மூடும் வரைக்கும் அப்படியே. கடைசி நுனியை உட்பக்கம் கொண்டுபோய் நான்கைந்து தையலுக்குள் ஒளித்து, ஈரம் தொட்டுத் தேய்த்துவிடுங்கள்.